வாரியக் குடியிருப்பும் வாட்சாப் வசையும்: சட்டமன்றக் குழுவிடம் எதை, எப்படிக் கொண்டுபோவது?

கேள்வியின் சுருக்கம்: வியாசர்பாடிப் பக்கம் ஒரு பழைய வாரியக் குடியிருப்பு. சீலிங் பூச்சு பெயர்ந்து விழுகிறது, கழிவுநீர்க் குழாய் ஒழுகுகிறது. இதைத் தட்டிக்கேட்கிற சங்கத்துப் பெண்களின் படங்களை எடுத்து, வெட்டி ஒட்டி, ஆபாச வசையோடு வாட்சாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் யாரோ சுற்றவிடுகிறார்கள். தொகுதி எம்.எல்.ஏ. சட்டமன்றக் குழு ஒன்றில் உறுப்பினர். இரண்டையும் சேர்த்து ஒரே மனுவாக அவரிடம் கொடுத்தால் குழு எடுத்துக்கொள்ளுமா?

சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளாது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது மனு கேட்டு அறிவிப்பு வெளியிடும். அதில் நிபந்தனைகள் இருக்கும். மனு பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு துறை. தனிநபர் குறை கூடாது. நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிற விஷயம் கூடாது. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, வங்கிக் கடன், பணி மாறுதல் கேட்பதும் கூடாது. தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஐந்து நகல் தர வேண்டும்.

இதை வைத்துப் பாருங்கள். கட்டடம் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. இணைய வசை காவல்துறையின் வேலை, அதாவது உள்துறை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ‘ஒரே பிரச்சினை, ஒரே துறை’ என்ற நிபந்தனையிலேயே அடிபடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் குழுவின் கண்ணில் தனிநபர் குறைதான். அது குற்றம். அதற்கு இடம் காவல் நிலையம். அதே குற்றம் பல பெண்களுக்கு நடக்கிறது, புகார் கொடுத்தும் நகரவில்லை என்றால் அப்போதுதான் அது குழுவுக்குப் போகும் பொதுப் பிரச்சினை. ஆக மூன்று தாள்கள் வேண்டும்: கட்டடம் பற்றி ஒரு மனு, காவல் நிலையத்துக்குப் புகார், காவல்துறை நடவடிக்கை பற்றி இன்னொரு மனு.

குழுவால் என்ன முடியும் என்பதில் தெளிவு வேண்டும். நாடாளுமன்றத்தில் துறைவாரியாக நிலைக்குழுக்கள் உண்டு. கேரளச் சட்டமன்றத்திலும் துறைசார் குழுக்கள் இருக்கின்றன. நம் கோட்டையில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே இருப்பவை பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, உரிமைக் குழு போன்றவை. இவற்றின் உறுப்பினரால் உத்தரவு போட முடியாது. துறைச் செயலாளரையும் பொறியாளரையும் எதிரே உட்காரவைத்து, எழுத்தில் பதில் வாங்கி, அதைப் பேரவையில் அறிக்கையாக வைக்க முடியும். அதிகாரி ஒருவர் எழுத்தில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால், பிறகு அவருக்கு அடுத்து வருகிறவரும் அந்தத் தேதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குழுவின் முழு வலிமையும் அதில்தான் இருக்கிறது.

உங்கள் எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். மனுக்கள் குழுவில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். அந்தக் குழுத் தலைவர் பெயருக்கு, தலைமைச் செயலகம், சென்னை – 600 009 என்ற முகவரியில் சங்கமே நேரடியாக அனுப்பலாம். எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

முதலில் கட்டடம். வடசென்னையில் அடிக்கடி நடக்கிற தவறு முகவரியிலேயே இருக்கிறது. பேச்சு வழக்கில் எல்லாமே ‘அவுசிங் போர்டு’தான். ஆனால் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வேறு, 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வேறு. ஒன்றுக்குப் போக வேண்டிய மனு மற்றதற்குப் போய், ‘எங்கள் அலுவலகத்தைச் சார்ந்ததல்ல’ என்ற ஒரு வரியோடு திரும்பிவர மாதங்கள் ஆகும். ஒதுக்கீட்டு ஆணையின் தலைப்பில் எந்த வாரியம் என்று இருக்கும். அந்தப் பெயரையே எழுதுங்கள்.

‘கட்டடம் மோசமாக இருக்கிறது’ என்று எழுதினால், ‘பழுதுபார்க்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்து கோப்பு மூடப்படும். அதிகாரி மறுக்க முடியாதபடி அளவோடு எழுத வேண்டும். அதற்குக் கட்டடத்துக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு அதன் காரத்தன்மைதான் கவசம். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் விழும், பிறகு அடிப்பக்கக் கான்கிரீட் சில்லு சில்லாகக் கழன்று விழும். மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து கசிவு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் பழைய பிளாக்குகளில் முதலில் விழுவது பெரும்பாலும் கழிவறைக்குக் கீழ் வீட்டின் சீலிங். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மி.மீ. மூடுகனம் கேட்கிறது, மறைவான இடத்துக்கு 30 மி.மீ. உங்கள் தளத்தில் கம்பி எத்தனை மி.மீ. ஆழத்தில் தெரிகிறது என்று ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்தால், அந்த ஒரு படம் நூறு வரி எழுத்துக்குச் சமம்.

உதிர்வது வெறும் சிமென்ட் பூச்சா, கம்பியோடு சேர்ந்த கான்கிரீட்டா என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பூச்சு மட்டும் உதிர்ந்தால் மணலின் தரம், பூசிய பின் போதிய அளவு தண்ணீர் விட்டு ஆற்றாதது, மேற்பரப்பைக் கொத்திவிடாமல் பூசியது போன்றவை காரணம். அதைச் சீர்செய்யலாம். கம்பி தெரிந்து, தடவினால் துரு ஏடாக உதிர்ந்தால் அது கட்டமைப்பின் பிரச்சினை. மேலே பூசி மறைப்பதால் தீராது. விரிசல் வளர்கிறதா என்று அறிய, இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள், அந்த வீட்டை மனுவின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

படம் எடுக்கும்போது பிளாக் எண், கதவு எண், மாடி, தேதி நான்கும் ஒரு தாளில் எழுதி அதையும் சேர்த்து எடுங்கள். பிறகு ஒரு அட்டவணை: மொத்த பிளாக், மொத்த வீடு, கட்டிய ஆண்டு, கம்பி தெரியும் வீடுகள், பூச்சு மட்டும் விழுந்த வீடுகள், கசிவுள்ள வீடுகள். இதோடு கேட்கவேண்டிய சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரீபவுண்ட் ஹேமர் (சுத்தியலால் தட்டிக் கான்கிரீட்டின் கடினத்தைப் பார்ப்பது), அல்ட்ராசோனிக் சோதனை (ஒலி அலை செலுத்திப் பார்ப்பது), துளையிட்டு மாதிரி எடுத்து நசுக்கிப் பார்ப்பது, உடைத்த இடத்தில் பினாப்தலின் தெளிப்பது. கடைசியாகச் சொன்னதில் இளஞ்சிவப்பு வந்தால் காரத்தன்மை மிச்சமிருக்கிறது, நிறமே வராவிட்டால் போய்விட்டது. குடியிருப்பவர்களே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய சோதனை என்பதால் சங்கத்தார் முன்னிலையில் செய்யச் சொல்லிக் கேட்பது நியாயம்.

ஒன்றை மறைக்காமல் எழுதுங்கள். மொட்டைமாடியில் கூடுதல் தண்ணீர்த் தொட்டி, பால்கனியை இழுத்துக் கட்டியது, சுவரை உடைத்து வழி வைத்தது இருந்தால் எந்தெந்த வீடு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விசாரணை நாளில் பொறியாளர் அதைத்தான் முதலில் எடுப்பார், பிறகு பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும். இன்னொன்று, ஒதுக்கீடு ஒருவர் பெயரில், குடியிருப்பது வேறொருவர் என்ற நிலை பல பிளாக்குகளில் உண்டு. அவர்கள் கையெழுத்துப் போடப் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஒதுக்கீடு பெற்றவர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும். விற்பனைப் பத்திரம், பெயர் மாற்றம் ஆகியவற்றை இந்த மனுவில் கலக்காதீர்கள்.

இடித்துக் கட்டித்தான் தீர வேண்டும் என்று வாரியம் சொன்னால் எழுத்தில் வாங்க வேண்டியவை இருக்கின்றன. அதே இடத்தில் மறு ஒதுக்கீடு, வீட்டின் சதுர அடி, பயனாளி கட்ட வேண்டிய பங்குத் தொகை, முடிக்கும் மாதம், இடைக்காலக் கருணைத் தொகை. கருணைத் தொகை 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட சென்னை வாடகைக்கும் முன்பணத்துக்கும் அது எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டு மனுவிலேயே காட்டுங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று தொலைவில் மறுகுடியமர்த்தப்பட்ட மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் பட்ட பாட்டை அறிந்தவர்கள், ‘அதே இடத்தில்’ என்ற இரண்டு சொல்லின் விலையை அறிவார்கள்.

குழுவின் பாதை மெதுவானது. மழைக்காலம் தாங்காது என்று தோன்றும் கட்டடத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் ஒரு பிளாக் இடிந்தபோது 24 வீடுகள் ஒரே நேரத்தில் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு ஆட்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதிய குடியிருப்பில் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்த விவகாரம் கவன ஈர்ப்பாகப் பேரவையில் எழுப்பப்பட்டது. ஐஐடி நிபுணர் குழுவின் ஆய்வு, பொறியாளர்கள் பணியிடைநீக்கம் எல்லாம் அதைத் தொடர்ந்து வேகமாக நடந்தன. பேரவை நடக்கும் நாட்களில் கவன ஈர்ப்பு (அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் பதிலைக் கேட்பது), மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் (துறைக்கான நிதியைக் குறைக்கச் சொல்லி எதிர்ப்பைப் பதிவது), கேள்வி நேரம் ஆகிய மூன்றும் எம்.எல்.ஏ. கையில் இருக்கின்றன. அவசரத்துக்கு இவை, தொடர்ந்து பிடித்து நிறுத்தக் குழு. அமைச்சர் அங்கே ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னால் தேதியோடு குறித்துவையுங்கள். அந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதுதான் அரசு உறுதிமொழிக் குழுவின் வேலை.

இனி அந்தப் பெண்களின் விஷயம். இதில் நேரம் முக்கியம், வரிசை அதைவிட முக்கியம். பதறிப்போய் முதலில் ரிப்போர்ட் அடித்தால் பதிவு நீங்கிவிடும், ஆதாரமும் கூடவே போய்விடும். முதலில் பாதுகாக்க வேண்டும். வாட்சாப் ஸ்கிரீன்ஷாட்டில் போனில் சேமித்த பெயர்தான் தெரியும், எண் தெரியாது. அந்தப் பெயரைத் தொட்டுத் தகவல் பக்கத்தைத் திறந்து, எண் தெரிய இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பயனர் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். ஆகவே கணக்கின் இணைப்பையும் பதிவின் இணைப்பையும் நகலெடுத்துத் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். கணக்கிலிருந்து பதிவு வரை விரலை நகர்த்திப் போவதை ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்தால் இன்னும் உறுதி. தானாக மறையும் செய்தி என்றால் வேறொரு போனால் படம் எடுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அந்தப் போனை மாற்றவோ ஃபார்மெட் செய்யவோ கூடாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை, மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

ஆதாரம் என்று சொல்லிக்கூட அந்தப் படத்தைச் சங்கத்தின் குழுவில் பகிராதீர்கள். படத்தில் இருப்பது பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம்.

இதற்குப் பிறகு வாட்சாப், இன்ஸ்டாகிராம் தளத்தில் புகார். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படமோ அப்படிச் செயற்கையாக உருவாக்கிய படமோ என்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு 2 மணி நேரத்துக்குள்) தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. புகாரில் ‘ஆபாசம்’ என்று பொதுவாக எழுதாமல், ‘என் முகத்தைப் பொருத்தி உருவாக்கிய படம்’ என்று எழுதுங்கள். எந்தப் பெட்டியில் டிக் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வேகம்.

காவல் நிலையப் புகாரில் பொருந்துகிற சட்டங்களைச் சொல்லலாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 75 பாலியல் தொல்லை, 78 பின்தொடர்தல், 79 பெண்ணின் மானத்துக்கு இழுக்கு, 351 மிரட்டல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67, 67ஏ. இவற்றோடு தமிழ்நாட்டின் சொந்தச் சட்டமும் உண்டு. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததை அடுத்துப் பிறந்த பெண்களுக்கு எதிரான தொல்லை தடுப்புச் சட்டம் அது. 2025 ஜனவரியில் அதைத் திருத்தி, மின்னணு வழித் தொல்லையையும் சேர்த்து, முதல் முறைக்கு 5 ஆண்டு வரையும் மறுமுறைக்கு 10 ஆண்டு வரையும் சிறை என்று பேரவை நிறைவேற்றியது. தொல்லை கொடுப்பவர் எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை பெறும் வழியும் அதில் சேர்க்கப்பட்டது. இது பலருக்கும் தெரியவில்லை, கேட்டால்தான் கிடைக்கும். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அதில் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் கீழ் இருக்கக் கூடாது. சென்னையில் அது உதவி ஆணையர்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ எல்லைக் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள், ஆனால் அதோடு நின்றுவிடவும் கூடாது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல. மின்னஞ்சலில் கொடுத்திருந்தால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால், அதன் பிறகு குற்றவியல் நடுவர். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை ஆய்வாளருக்குக் கீழ் உள்ளவர் விசாரிக்க முடியாது. உதவி ஆய்வாளர் விசாரித்த வழக்கு பின்னால் இதனாலேயே சிக்கலாகும். 1930 என்ற எண் பண மோசடிக்கானது. படத் தொல்லைக்கு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

மூன்றாவது தாளான குழு மனுவில் அந்தப் பெண்களின் பெயரோ படமோ ஒரு வரிகூட இருக்கக் கூடாது. குழுவுக்குப் போகும் தாள் பல மேசைகளைக் கடக்கும், ஐந்து நகல் வேறு. அதில் எழுத வேண்டியது எண்ணிக்கை. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண முத்திரை ஒட்டி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் காவல் மாவட்டத்தில் 2025 திருத்தத்துக்குப் பிறகு இணையத் தொல்லைப் புகார் எத்தனை, சி.எஸ்.ஆரோடு நின்றவை எத்தனை, முதல் தகவல் அறிக்கை எத்தனை, பாதுகாப்பு ஆணை எத்தனை, குற்றப்பத்திரிகை எத்தனை, கைப்பற்றிய போன் தடய அறிவியல் ஆய்வுக்குப் போய் வர எத்தனை மாதம். இந்த ஆறு எண்களையும் இணைத்து, உள்துறை விளக்கம் தர வேண்டும் என்று கேட்டால் மனு தனிநபர் குறையாகத் தெரியாது. பதில் தராமல் விட்டாலும் அந்த மௌனத்தை இணைப்பாக வைக்கலாம். திருத்தத்தின்படி பாதுகாப்பு ஆணைக்கு நடைமுறை விதிகள் எந்த நிலையில் உள்ளன என்ற கேள்வியையும் சேருங்கள்.

ஒன்றைக் கேட்காதீர்கள்: ‘இணையத்தில் அவதூறு பரப்புவோரை உடனே கைது செய்யப் புதிய சட்டம்’. கோபத்தில் வரும் நியாயமான கோரிக்கைதான். ஆனால் அப்படி அகலமாக எழுதப்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. கேரள அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்துக் கொண்டுவந்த அவசரச் சட்டத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அப்படி ஒரு சட்டம் இருந்தால் அது முதலில் பாய்வது யார் மேல்? சீலிங் பெயர்ந்து விழுந்ததை வீடியோ எடுத்துப் போட்ட உங்கள் சங்கத்துப் பெண் மேல்தான் ஒப்பந்ததாரர் புகார் கொடுப்பார். இருக்கிற சட்டங்களே போதுமான அளவு கூர்மையானவை, அவற்றை எடுத்து வீசத்தான் ஆள் வேண்டும். 2025 திருத்தங்கள் ஜனவரி 10-இல் அறிமுகமாகி 11-இல் நிறைவேறின. மசோதாவை ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, பாதிக்கப்பட்ட பெண்களையும் காவல் நிலைய ஆய்வாளர்களையும் கேட்டிருந்தால் நடைமுறை ஓட்டைகள் அங்கேயே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து.

தளங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் மத்திய அரசின் கையில். அதைப் பற்றிய கோரிக்கை வட சென்னை எம்.பி. வழியாக நாடாளுமன்றத்தின் தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவுக்குப் போக வேண்டும். சமூக ஊடக நிறுவனங்களை நேரில் அழைத்து, பெண்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்ட குழு அது. எம்.எல்.ஏ.விடம் இதைக் கேட்டு அவரால் முடியவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

மனு ஏற்கப்பட்டால் விசாரணைக்கு வரச்சொல்லித் தனியாகத் தகவல் வரும். இருவர் போனால் போதும், ஒருவர் பேச, ஒருவர் குறிக்க. மூல ஒதுக்கீட்டு ஆணை, அட்டவணை, படங்கள், முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அதிகாரி பெரும்பாலும் ‘நிதி ஒதுக்கக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்று சொல்வார். அங்கேயே குழுத் தலைவரைப் பார்த்து, அந்தக் கருத்துருவின் ந.க. எண் (கோப்பு எண்), அனுப்பிய தேதி, கேட்ட தொகை மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் கருத்துரு இன்னும் போகவில்லை என்று அறியலாம், அதுவும் பதிவாகும். பேரவையின் காலம் முடிந்தால் குழுவும் கலையும். புதிய குழு அமைந்த மாதமே பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள், இல்லையென்றால் கோப்பு பரணில் தூங்கும்.